வேண்டுதல் என்னுடையது, கால் அவருடையது: மதுரா முதல் நந்த்காவ் வரை

அக்டோபர் பிறந்துவிட்டால் தில்லியில் எல்லோருக்கும் ஊர் சுற்றும் ஆசை வந்துவிடும். மழை ஓய்ந்திருக்கும், வெயில் தணியத் தொடங்கியிருக்கும், தீபாவளிப் புகை இன்னும் வந்திருக்காது. இந்த இடைவெளியில் நடந்தே ஒரு கோயிலுக்குப் போகலாமா, எந்த வழி நல்ல வழி என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு வழியைத் தேர்ந்தெடுக்கவே இரண்டு மாதம் ஆனது. நடந்தது எட்டே நாள்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் செண்பகம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். மத்திய அரசில் வேலை, மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ். கணவர் சுப்பையா செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் மீனா குருகிராமில் வேலை பார்க்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் இந்தக் கட்டுரையில் அவளைப் பற்றியும் தாராளமாக எழுதலாம்.

சென்ற மார்ச்சில் என் கணவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு, "பெருமாளே, இவர் நல்லபடியா எழுந்து வரட்டும், நாங்க ரெண்டு பேரும் நடந்தே வாரோம்" என்று வேண்டிக்கொண்டேன். எந்தப் பெருமாள், எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர் என்றெல்லாம் அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

அவர் எழுந்து வந்துவிட்டார். ஆனால் நடக்க மாட்டேன் என்றார்.

டாக்டர் தினமும் நாற்பது நிமிடம் நடக்கச் சொல்லியிருந்தார். இவர் சோபாவிலிருந்து பால்கனி வரை நடப்பார். நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தண்ணீர் நிறைந்த குடத்தைத் தூக்கிப் போகிறவர் மாதிரி நடப்பார். பரிசோதனை முடிவுகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. இதயம் சரியாகிவிட்டது, பயம்தான் சரியாகவில்லை. அதை அவரிடம் சொன்னால் கோபம் வரும். மாடிப்படி ஏறுவதை நிறுத்தினார், கடைக்குப் போவதை நிறுத்தினார். ஆகஸ்ட்டில் ஒருநாள், காலனிப் பூங்கா வரை போவதற்கு ஆட்டோ கூப்பிடச் சொன்னார். பூங்கா எங்கள் பால்கனியிலிருந்து கூப்பிடு தூரம்.

அன்றைக்குத்தான் வேண்டுதலைப் பற்றிச் சொன்னேன்.

"ரெண்டு பேருமா? என் காலை என்னைக் கேக்காம எப்படி எழுதிக் குடுத்த?" என்றார்.

"நீங்க அப்ப மயக்கத்துல இருந்திய. யாரைக் கேக்க?"

"அப்ப அது செல்லாது. சம்பந்தப்பட்டவன் சம்மதம் இல்லாம போட்ட ஆர்டர்."

"பெருமாள் சம்மதிச்சுட்டாருல்லா? நீங்க உக்காந்து தோசை திங்கிய. அவர் பங்கு முடிஞ்சு போச்சு."

முப்பது வருடம் ஃபைல் பார்த்தவர் அவ்வளவு சுலபமாக விடுவாரா? மறுநாள் காலையில் புது யோசனையோடு வந்தார். ஆர்.கே. புரத்தில் ஒரு பெருமாள் கோயில் இருக்கிறது, இரண்டரை கிலோமீட்டர், நடந்தே போய்விட்டுக் காலை டிபனுக்குத் திரும்பி வந்துவிடலாம் என்றார். நீ ஊர் பெயர் சொல்லவில்லை, ஆகவே எந்தப் பெருமாளும் பெருமாள்தான் என்பது அவர் வாதம். நெஞ்சைப் பிளந்து தைத்த ஆபரேஷனுக்கு இரண்டரை கிலோமீட்டரா என்று கேட்டு நான் அழுதுவிட்டேன். பாதி நிஜ அழுகை, பாதி வேண்டுமென்றே. அவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அதன் பிறகுதான் முறையாக வழி தேடத் தொடங்கினோம். எனக்கு அது பெருமாள் ஊராக இருக்க வேண்டும். மீனாவுக்கு ஒவ்வொரு இரவும் சுத்தமான பாத்ரூம் உள்ள இடத்தில் தங்க வேண்டும். கணவருக்கோ, இருதய டாக்டர் உள்ள ஆஸ்பத்திரி எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் வரைபடத்தில் கோயில்களைத் தேடினால் அவர் அதே வரைபடத்தில் ஆஸ்பத்திரிகளைத் தேடுவார். அதுவும் ஒரு வகை பக்திதான்.

ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் வரை நடப்பது என் முதல் ஆசை. ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். செக்கப்புக்குப் போனபோது கேட்டேன். டாக்டர் சர்தார்ஜி, வாய்விட்டுச் சிரித்தார். "ஆன்ட்டிஜி, ஆபரேஷன் பண்ணினது நான். இந்த ஹார்ட்டைப் பழசாகுற வரைக்கும் கொஞ்சம் வெச்சுக்கங்க" என்று இந்தியில் சொன்னார். பத்தாயிரம் அடி உயரம் இந்த வருடம் கூடாது. சமதரையில், பழக்கப்படுத்திக்கொண்டு, ஒரு நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டர் வரை தாராளமாக நடக்கலாம் என்றார். "தாராளமாக" என்ற சொல்லைக் கேட்டு என் கணவரின் முகம் வாடிவிட்டது.

அடுத்தது தில்லியிலிருந்தே பிருந்தாவனம் வரை நடப்பது. சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர், சமதரை, வழி நெடுக ஆஸ்பத்திரிகள். பலர் கொடி பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறோம். அதற்காக செப்டம்பர் முழுக்கப் பயிற்சி. மோதி பாக்கிலிருந்து முனிர்கா வரை காலையில் நடந்து, அங்கே நம் ஊர்ப் பிள்ளைகள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்புவோம். முதல் வாரம் பாதி வழியில் மூன்று முறை உட்கார்ந்தார். மூன்றாவது வாரம் ஒரே முறை. இட்லி தீர்ந்துவிடும் என்று நான் சொன்ன பொய்க்கும் அதில் பங்கு உண்டு.

மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையில் வெள்ளோட்டம் பார்த்தோம். பதர்பூர் எல்லையிலிருந்து வல்லப்கட் வரை நடப்பதாகத் திட்டம். அந்த வழியை யாருக்கும் சொல்ல மாட்டேன். லாரிப் புகை ஒரு பக்கம், அதைக்கூடத் தாங்கலாம். சாலை நெடுகத் தலைக்கு மேலேயே மெட்ரோ ஓடுகிறது. கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன், ஒவ்வொன்றிலும் நகரும் படிக்கட்டு, உள்ளே ஏசி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் என் கணவர் நின்று படிக்கட்டை அண்ணாந்து பார்ப்பார். ஒன்பது கிலோமீட்டர் தாண்டி, பழைய ஃபரீதாபாத் ஸ்டேஷனில் நான்தான் முதலில் ஏறினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பின்னால் வந்தார். அந்தப் பெருந்தன்மையை இன்றுவரை மறக்கவில்லை.

கடைசியில் வழியைக் கண்டுபிடித்தவர் அவர்தான். மதுராவைச் சுற்றியுள்ள கிருஷ்ணர் ஊர்களை எல்லாம் நடந்து வலம் வருவதற்கு எண்பத்து நான்கு கோஸ் பரிக்கிரமா என்று பெயர். ஒரு கோஸ் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். முழுதாக நடக்க ஒரு மாதம்கூட ஆகும்.

"நாம எண்பத்து நாலு நடப்போம்" என்றார்.

"கோஸா?" என்று கேட்டேன். என் காதையே நம்ப முடியவில்லை.

"கிலோமீட்டர். எண்ணிக்கை அதேதான். யூனிட் மட்டும் மாறுது."

சிரித்துவிட்டேன். பெருமாளும் சிரித்திருப்பார். கணவர் போட்ட கணக்கு இது: மதுராவிலிருந்து பிருந்தாவனம் 12, அங்கிருந்து நெடுஞ்சாலை ஓரமுள்ள சட்டிக்கரா 7, கோவர்த்தனம் 16, மலையைச் சுற்றும் பெரிய வளையம் 12, சின்ன வளையம் 9, அங்கிருந்து பர்சானா இரண்டு நாளில் 20, கடைசியாக நந்த்காவ் 8. நம் கால்களுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். கோவர்த்தன நாளில் டாக்டர் சொன்னதைவிட ஒரு கிலோமீட்டர் அதிகம். அதை டாக்டரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் முதல் வாரம், ஒரு திங்கட்கிழமை. நிஜாமுதீனிலிருந்து காலை ரயில், இரண்டு மணி நேரத்தில் மதுரா. கிளம்பும்போது மீனா அப்பாவின் கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிவிட்டாள். நாடித்துடிப்பு அவள் போனுக்கே போய்விடுமாம். "அப்பா, டெய்லி நான் பாப்பேன், ஓகே? டோண்ட் ரிமூவ்" என்றாள். குளிக்கும்போதுகூட அவர் அதைக் கழற்றவில்லை.

முதல் நாள் பன்னிரண்டு கிலோமீட்டரும் நெஞ்சில் கை வைத்தபடியேதான் நடந்தார். நான் பேசினால் மூச்சு வீணாகும் என்று கையால் தடுப்பார். சாயங்காலம் நான்கு மணிக்குப் பிருந்தாவனம் சேர்ந்தோம். தர்மசாலாவில் பாத்ரூமோடு அறை, ஒரு நாளுக்கு எண்ணூறு ரூபாய். சுத்தம் மீனாவின் கணக்கில் தேறாது, என் கணக்கில் தேறும்.

பிருந்தாவனத்துக் குரங்குகளைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். எங்களையும் எச்சரித்தார்கள். கண்ணாடியைப் பையில் வையுங்கள் என்று தர்மசாலாக்காரர் இரண்டு முறை சொன்னார். என் கணவர், கண்ணாடி இல்லாமல் கோயிலில் எதைப் பார்ப்பது என்று போட்டுக்கொண்டே வந்தார். சந்து திரும்பவில்லை, மதில்மேல் இருந்து ஒரு கை வந்தது. கண்ணாடியைக் காணோம்.

அடுத்து நடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். என் கணவர் ஓடினார். நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ஏ, குடு! குடுல அதை!" என்று தென்காசித் தமிழில் கிருஷ்ணரின் பிரஜ் தேசத்துக் குரங்கைத் திட்டிக்கொண்டே ஓடினார். குரங்கு மதில் மேல், இவர் சந்தில். குரங்கு ஒரு வீட்டு மாடிக்குத் தாவியது, இவர் அந்த வீட்டு வெளிப்படிக்கட்டில் ஏறினார். இரண்டு இரண்டு படியாக ஏறினார்.

"போதும், வந்துருங்க! கண்ணாடி போனாப் போகுது!" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து மீனாவின் போன்.

"அம்மா! அப்பாவோட ஹார்ட் ரேட் ஒன் தர்ட்டி எய்ட்! என்ன ஆச்சு?"

"ஓடுறாருடி."

"வாட்? யாரு?"

"உங்க அப்பாதான். குரங்கு பின்னால ஓடுறாரு."

"அம்மா, ப்ளீஸ். ஜோக் பண்ணாத. ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

அதற்குள் மாடி வீட்டுக்காரம்மா வெளியே வந்து, இது தினமும் நடப்பதுதான் என்பதுபோல் ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட்டைக் குரங்கின் பக்கம் வீசினார். குரங்கு கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டு ஜூஸை எடுத்துக்கொண்டது. அந்தம்மா எங்களிடம் பாக்கெட்டுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒரு பெட்டி ஜூஸே வாசலில் தயாராக வைத்திருந்தார்.

என் கணவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன். அவர் இன்னொரு கையால் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். மூச்சு மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது.

"செண்பகம்" என்றார். குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. "ஒண்ணும் ஆகலியே?"

"ஒண்ணும் ஆகல."

"அவ்வளவு படி ஏறினேனே."

"பாத்தேன்" என்றேன். ஏழு மாதம் டாக்டரும் மகளும் நானும் சொல்லியும் நம்பாததை அந்தப் படிக்கட்டில் அவராகவே நம்பிவிட்டார்.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாம் நாள் சட்டிக்கராவுக்கு என்னைவிட இருபது நிமிடம் முந்திப் போய்ச் சேர்ந்து எனக்கும் சேர்த்துச் சாயா சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் கோவர்த்தனச் சாலையில் ஒரு இ-ரிக்‌ஷாக்காரர் எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தார். பெயர் ராம்வீர், கோவர்த்தனத்துக்காரர். இந்த வயதில் இந்தப் பையோடு எப்படியும் ஏறிவிடுவார்கள் என்று அவருக்கு நிச்சயம்.

"பைட்டியே, பாபுஜி. உட்காருங்க."

"நஹீ பையா. நடக்கத்தான் வந்திருக்கோம்."

"அம்மாஜியாவது ஏறட்டும்?"

"அம்மாஜிக்குத்தான் வேண்டுதல்" என்று கணவர் இந்தியில் விளக்கினார். ராம்வீர் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு இன்னும் இரண்டு கிலோமீட்டர் கூடவே வந்தார்.

நான்காம் நாள் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லத்தான் வேண்டும், நீங்களாவது தப்பிக்கலாம். கோவர்த்தன மலையை வெறுங்காலோடு சுற்றுவது வழக்கம். கணவர் டாக்டர் சொன்னபடி கேன்வாஸ் ஷூவிலேயே இருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் செருப்பைக் கழற்றினேன். அதில் தவறில்லை. விடியற்காலையில் கிளம்பியிருக்க வேண்டும். குளித்து, நான் கும்பிட்டு, பூரி சாப்பிட்டு, ஒன்பதரைக்குக் கிளம்பினோம். காலையில் மண் பாதை மெத்தை மாதிரி இருந்தது. உடம்பு முழுக்கத் தரையில் விழுந்து விழுந்து வலம் வருகிறவர்களைப் பார்த்து நான் நெகிழ்ந்துபோய் நடந்தேன். பதினொன்றரைக்கு மேல் தார் ரோடு. அக்டோபர் வெயில் தலைக்கு இதமாகத்தான் இருந்தது, தாருக்கு அது தெரியவில்லை. இரண்டு பாதங்களிலும் கொப்புளம்.

ஐந்தாம் நாள் சின்ன வளையத்தை வீம்புக்கு நடந்து முடித்தேன். ஆறாம் நாள் பர்சானா வழியில் நான்காவது கிலோமீட்டரில் கால் தரையில் பாவவில்லை. கம்பு வயல் ஓரம் ஒரு மதகில் உட்கார்ந்து அழுதேன். இந்த முறை முழுக்க நிஜ அழுகை. வேண்டிக்கொண்டவளே நடக்காவிட்டால் அது என்ன வேண்டுதல்? பெருமாள் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வாரோ என்று ஒரு பயம் வந்தது. அசட்டுப் பயம்தான். ஆனால் தியேட்டர் வாசலில் நின்றவர்களுக்கு அந்தப் பயம் என்னவென்று தெரியும்.

கணவர் என் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார். பிறகு ராம்வீருக்குப் போன் செய்தார். நம்பர் எப்போது வாங்கினாரோ தெரியாது.

"நான் ஏற மாட்டேன். ரெண்டு பேரும் நடந்து வாரோம்னு சொல்லியிருக்கேன்."

"நீ எதுக்கு வேண்டிக்கிட்ட? நான் எழுந்து நடக்கணும்னுதானே? இந்தா நடக்கேன்லா. பெருமாளுக்கு வேண்டியது கிடைச்சாச்சு, உனக்கு வேண்டியதும் கிடைச்சாச்சு. மிச்சத்தை நான் அவர்கிட்ட பேசிக்கிடுதேன்."

"நீங்கதான் கும்பிடவே மாட்டியளே. எந்த முகத்தோட பேசுவிய?"

"முதத் தடவ பேசுறவன் சொன்னா கொஞ்சம் மரியாதை இருக்கும்" என்றார்.

ஏறினேன். வண்டியோடு வந்துவிட்ட ராம்வீர் முகத்தில் அப்படி ஒரு வெற்றிச் சிரிப்பு. ஆனால் அது நெடுநேரம் நீடிக்கவில்லை. என் கணவர் வண்டியில் ஏறவில்லை. வண்டியின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நடந்தார். ஆகவே வண்டியும் அவர் வேகத்தில்தான் போக வேண்டியிருந்தது. மாட்டு வண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின. "பாபுஜி, நீங்களும் ஏறினா பேட்டரி ஒண்ணும் குறைஞ்சிடாது" என்று ராம்வீர் கெஞ்சிப் பார்த்தார். மதியத்துக்கு மேல் அவரே அலுத்துப்போய் வண்டியை மெதுவாக விட்டுக்கொண்டு, தன் மருமகளின் பிடிவாதத்தைப் பற்றி என்னிடம் புலம்ப ஆரம்பித்தார். வழியில் ஓர் ஆசிரமத்தில் இரவு தங்கி மறுநாள் பர்சானா. எட்டாம் நாள் நந்த்காவ். மூன்று நாளும் ராம்வீர்தான். நாளுக்கு அறுநூறு ரூபாய் பேசினோம், கடைசியில் கொஞ்சம் கூடவே கொடுத்தோம்.

நந்த்காவ் கோயில் ஒரு குன்றின் மேல். என்னால் படி ஏற முடியாது. கணவர் தனியாக ஏறினார். கீழே சாயாக்கடை பெஞ்சில் நானும் ராம்வீரும் உட்கார்ந்திருந்தோம்.

"அம்மாஜி, ஒண்ணு கேக்கலாமா? ஹார்ட் ஆபரேஷன்னு பாபுஜி போன்ல யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தாரே. உங்களுக்கு எப்போ ஆச்சு?"

எனக்கு அடக்க முடியவில்லை. வாயிலிருந்த சாயா மூக்கு வழியாக வந்துவிட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தார். நெற்றியில் சந்தனம். நாற்பது வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்று சொல்லிவிட்டு, எனக்கு வாங்கி வந்த பேடாவைப் பிரித்துக் கொடுத்தார். இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது உங்களுக்கு. தில்லியிலிருந்து நெடுஞ்சாலை வழியாக நடக்க நினைப்பவர்கள் பெரிய குழுவோடு போங்கள். இரண்டு பேருக்கு அது வழியே இல்லை. மலை வழி வேண்டுமென்றால் முதலில் டாக்டர், பிறகு கடவுள். எங்கள் வழியை இதயம், முழங்கால் என்று ஏதாவது ஒன்று பழுதானவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன், ஆனால் நான்கு வாரமாவது பழகிவிட்டுப் போங்கள். கோவர்த்தனத்தில் பௌர்ணமியைத் தவிருங்கள், நிற்கவே இடமிருக்காது. வெறுங்காலோடு சுற்றுகிறவர்கள் ஐந்து மணிக்கே கிளம்பி வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள். இருவருக்கும் எட்டு நாளுக்கு ரயில், அறை, சாப்பாடு எல்லாம் சேர்ந்து பதினான்காயிரத்துக்குள் முடிந்தது, ராம்வீரையும் சேர்த்து.

எந்த வழி என்பதை வரைபடம் பார்த்து முடிவு செய்யலாம். யாரோடு போகிறோம் என்பதைப் பார்த்து முடிவு செய்தால் இன்னும் நல்லது. எங்கள் வழி சின்ன வழிதான், பெரிய யாத்திரைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

என் கால் ஆற மூன்று வாரம் ஆனது. இதை எழுதும்போது காலை எட்டேகால். ஆறு மணிக்கு நடக்கப் போனவர் இன்னும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை; வழியில் யாரிடமாவது குரங்கு கதை சொல்லிக்கொண்டிருப்பார். போட்டு வைத்த சாயா ஆறிக்கொண்டிருக்கிறது. போன ஆகஸ்ட்டில் இவர் ஐந்து நிமிடம் பாத்ரூமில் தாமதித்தாலே கதவைத் தட்டுவேன். இப்போது எனக்கு வருவது வெறும் கோபம்தான். எவ்வளவு நல்ல கோபம் அது.